கட்டியில மட்டும் ஆன் ஆகுற ஜீனை டேட்டால தேடிப் பிடிக்கிறது எப்படி: முழுமையான வழிகாட்டி

ப்ராஜெக்ட் பண்ற பசங்க எனக்கு அனுப்புற படம் ஒன்னு இருக்கு, வருஷா வருஷம் ஜீன் பேரு மட்டும்தான் மாறும். இடது பக்கம் சிவப்பு பாக்ஸ், கேன்சர் சாம்பிள், நல்லா மேல நிக்கும். வலது பக்கம் சாம்பல் பாக்ஸ், நார்மல் சாம்பிள், தரையோட தரையா கிடக்கும். கீழ "அக்கா, இது ட்யூமர்ல மட்டும்தான் இருக்கு, நார்மல்ல இல்ல, டார்கெட்டா எடுத்துக்கலாமா?"ன்னு கேட்டிருப்பாங்க. நான் திருப்பிக் கேக்குறது எப்பவும் ஒன்னுதான்: நார்மல்னா எந்த உறுப்பு, அந்த உறுப்புல எந்த செல், அங்க தேடிப் பார்த்து இல்லன்னு சொல்றியா, இல்ல அங்க டேட்டாவே இல்லையா?

இந்தக் கேள்விக்கு ஒழுங்கா பதில் தேடாம போனதால மருத்துவ சோதனைகள்ல நோயாளிகள் இறந்திருக்காங்க, அந்தக் கதை கீழ வரும். அதனாலதான் இதை இவ்வளவு நீளமா எழுதுறேன். கோடிங் தெரியணும்னு இல்ல, ஒரு ப்ரவுசர், ஒரு ஸ்ப்ரெட்ஷீட், ஒரு வாரம் பொறுமை இருந்தா போதும். மேஜ்-ஏ4 அப்படிங்கிற ஒரே ஜீனைக் கையில பிடிச்சுக்கிட்டு கடைசி வரைக்கும் போவோம், நடுவுல வேற சில ஜீன்களும் வந்து போகும்.

முதல்ல கொஞ்சம் பின்கதை

1991ல பிரஸ்ஸல்ஸ்ல, லுட்விக் இன்ஸ்டிட்யூட்ல தியரி பூன் குழு ஒரு மெலனோமா (தோல் கேன்சர்ல ஒரு வகை) நோயாளியோட டி செல்களை (உடம்போட எதிர்ப்புப் படையில கெட்ட செல்லைக் கொல்ற செல்கள்) வச்சு, அந்த செல்கள் கட்டியில எதைப் பார்த்துத்தான் தாக்குதுன்னு தோண்டிப் பார்த்தாங்க. கிடைச்சது ஒரு ஜீன், இன்னைக்கு அதுக்குப் பேரு மேஜ்-ஏ1. ஆச்சரியம் என்னன்னா அதுல ம்யூட்டேஷன் எதுவும் இல்ல, எல்லார் உடம்புலயும் இருக்கிற சாதாரண ஜீன்தான், ஆனா பெரியவங்க உடம்புல டெஸ்டிஸ்ல, அதாவது விரையில விந்தணு உருவாகுற செல்கள்ல மட்டும்தான் வேலை செய்யுது, மத்த இடத்துல எல்லாம் பூட்டி வச்சிருக்கு, கட்டியில அந்தப் பூட்டு தொறந்துக்குது. அப்புறம் 1995ல ஜெர்மனியில உகுர் சாஹின், மிக்கேல் ஃப்ராய்ண்ட்ஷூ குழு, நோயாளியோட ரத்தத்துல இருக்கிற ஆன்டிபாடியை வச்சே இந்த மாதிரி புரோட்டீனைத் தேடுற செரெக்ஸ்ங்கிற முறையைக் கொண்டுவந்தாங்க (கோவிட் தடுப்பூசி செஞ்ச பயோஎன்டெக்கோட அதே சாஹின்தான்), 1997ல அதே முறையில உணவுக்குழாய் கேன்சர்ல இருந்து என்ஒய்-ஈஎஸ்ஓ-1 கிடைச்சது. இப்படி ஒவ்வொன்னா சேரச் சேர இந்தக் கூட்டத்துக்கே கேன்சர்-டெஸ்டிஸ் ஆன்டிஜென்னு பேரு வந்துச்சு (ஆன்டிஜென்னா எதிர்ப்புப் படை அடையாளம் பிடிக்கிற பொருள்).

டெஸ்டிஸ்ல இருக்கே, அது ஆபத்து இல்லையான்னு எல்லாரும் கேப்பாங்க. டி செல் ஒரு செல்லுக்குள்ள இருக்கிற புரோட்டீனை நேரடியா பாக்காது, அந்தப் புரோட்டீனை நறுக்கி சின்னத் துண்டாக்கி எச்எல்ஏங்கிற தட்டுல வச்சு செல்லுக்கு வெளியே நீட்டினாத்தான் பாக்கும். விந்தணு உருவாகுற செல்கள்ல அந்தத் தட்டு கிட்டத்தட்ட கிடையாது, போதாததுக்கு ரத்தத்துக்கும் அதுக்கும் நடுவுல ஒரு தடுப்பும் இருக்கு. அதனால உள்ள எவ்வளவு மேஜ் இருந்தாலும் டி செல்லுக்கு அது தெரியாது.

பூட்டுன்னு சொன்னேன் இல்லையா, அது டிஎன்ஏ மெத்திலேஷன். ஜீனோட ப்ரமோட்டர்ல, அதாவது ஸ்விட்ச் பகுதியில, மெத்தில் ஒட்டியிருக்கிற வரைக்கும் ஜீன் தூங்கும், கட்டியில மெத்திலேஷன் பரவலா கலையும்போது இதுவும் முழிச்சுக்குது, லேப்ல டெசிட்டாபின் மருந்து போட்டு மெத்தில எடுத்தா செல் லைன்ல (லேப்ல தொடர்ந்து வளர்க்கிற செல்கள்) இந்த ஜீன்கள் ஆன் ஆகுறதை நாமளே பாக்கலாம். இதுல ஒரு பெரிய பங்கு எக்ஸ் க்ரோமோசோம்ல உக்காந்திருக்கு, 2005ல எக்ஸ் க்ரோமோசோமை முழுசாப் படிச்சப்போ அதுல இருக்கிற ஜீன்கள்ல சுமார் 10 சதவீதம் இந்த வகைக் குடும்பங்களைச் சேர்ந்ததுன்னு எழுதினாங்க. இதை மனசுல வச்சுக்கோங்க, குடும்பம்ங்கிற வார்த்தை பின்னாடி நம்மளைப் படுத்தப் போகுது.

படி 1: எதுக்குத் தேடுறோம்னு முதல்ல எழுதுங்க

பேத்தாலஜி ஸ்லைடுல நிறம் ஏத்தி நோயைக் கண்டுபிடிக்க ஒரு மார்க்கர் வேணும்னா நார்மல்ல அங்கங்க கொஞ்சம் இருந்தாலும் குடி முழுகிடாது. பிரேம்ங்கிற ஜீனைப் பாருங்க, டெஸ்டிஸ் தவிர கர்ப்பப்பை உள்சுவர், ஓவரி, அட்ரீனல்ல கூட குறைஞ்ச அளவுல இருக்கு, ஆனாலும் மச்சமா மெலனோமாவான்னு குழப்பம் வந்தா பேத்தாலஜிஸ்டுங்க பிரேம் ஸ்டெயின் போட்டுப் பாக்குறாங்க, நல்லா உதவுது. தடுப்பூசின்னா அடுத்த நிலை. வெளிய எடுத்து ஆயுதம் மாட்டி கோடிக்கணக்குல திருப்பி ஏத்துற டி செல்னா அது கடைசி நிலை, அந்த டி செல் ஒரு செல்லுல பத்துப் பதினஞ்சு துண்டு நீட்டிட்டு இருந்தாலே மோப்பம் பிடிச்சுக் கொன்னுடும். ஆயுதம் எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்கு நீங்க நார்மலை நோண்டணும்.

இன்னொன்னு, மேஜ், என்ஒய்-ஈஎஸ்ஓ-1, பிரேம் எல்லாமே செல்லுக்குள்ள இருக்கிற புரோட்டீன். சாதாரண கார்-டி செல்லோ (செயற்கைக் கொக்கி மாட்டின டி செல்) ஆன்டிபாடி மருந்தோ செல்லோட மேல்பரப்புல இருக்கிறதைத்தான் பிடிக்கும், அதனால இந்த ஜீன்களுக்கு எச்எல்ஏ துண்டைப் பாக்குற டிசிஆர் (டி செல் மேல இருக்கிற பிடிக்கிற கொக்கி, டி செல் ரிசெப்டர்) வழிதான் பெரும்பாலும். ப்ரொபோசல்ல "மேஜ்-ஏ4க்கு ஆன்டிபாடி ட்ரக்"னு சர்வ சாதாரணமா எழுதி எடுத்துட்டு வந்து நிக்கிறவங்களை நான் பார்த்திருக்கேன், இந்த ஒரு வரி தெரிஞ்சிருந்தா மூணு மாசம் மிச்சம்.

படி 2: பேரைச் சரியா டைப் பண்ணுங்க

சின்ன விஷயம்தான், ஆனா தடுக்கி விழுற இடம். பேப்பர்ல இருக்கிற பேரும் டேட்டாபேஸ்ல இருக்கிற ஜீன் பேரும் ஒன்னு கிடையாது. மேஜ்-ஏ4ஐ நடுவுல கோடு இல்லாம சேர்த்து அடிக்கணும். என்ஒய்-ஈஎஸ்ஓ-1ன்னு தேடினா பல இடத்துல ஒன்னுமே வராது, அதோட ஜீன் பேரு சிடிஏஜி1பி. ஆரம்ப லிஸ்ட் வேணும்னா லுட்விக் ஆளுங்களும் பிரேசில்காரங்களும் சேர்ந்து 2009ல வெளியிட்ட சிடி (கேன்சர்-டெஸ்டிஸ்) டேட்டாபேஸ் இருக்கு, இல்லன்னா எந்த உறுப்புல எந்தப் புரோட்டீன் இருக்குன்னு காட்டுற ஹியூமன் புரோட்டீன் அட்லஸ் தளத்துல டெஸ்டிஸ்ல தூக்கலா இருக்கிற ஜீன்களை ஃபில்டர் பண்ணிக்கலாம்.

படி 3: நார்மல் உறுப்புகளைப் பாருங்க

பொதுவா எல்லாரும் ட்யூமர்ல ஆரம்பிப்பாங்க, நான் நார்மல்லதான் ஆரம்பிக்கச் சொல்வேன், ஏன்னா பத்துல எட்டு ஜீன் இங்கயே கழண்டுடும், நேரம் மிச்சம்.

ஜிடெக்ஸ் போர்ட்டலைத் திறங்க. இது உறுப்பு தானம் செஞ்சவங்க, இறந்தவங்க உடம்புல இருந்து எடுத்த திசுக்களோட ஆர்என்ஏ அளவு. எட்டாவது வெர்ஷன்ல 948 பேர், 54 வகை திசு, 17,382 சாம்பிள். மேஜ்-ஏ4ன்னு போட்டா டெஸ்டிஸ்ல ஒரே ஒரு மலை தெரியும், மத்த 53ம் தரையில படுத்திருக்கும். அந்தப் படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்லைடுல ஒட்டிட்டு அடுத்த வேலைக்குப் போயிடாதீங்க. டெஸ்டிஸோட உயரத்துக்குத் தகுந்த மாதிரி அச்சு நீண்டு போறதால மத்ததெல்லாம் பாக்க ஜீரோ மாதிரி தெரியுது, அவ்வளவுதான். லீனியர்ல இருந்து லாகுக்கு மாத்துங்க. இப்ப தரையில இருந்து சில புள்ளிகள் எழுந்து நிக்கும். ஒவ்வொரு திசுவுக்கும் மீடியனை (வரிசையா அடுக்கினா நடுவுல வர்ற மதிப்பு) மட்டும் பாக்காம, தனியா மேல நிக்கிற புள்ளிகளையும் பாருங்க, நூறு பேர்ல அஞ்சு பேருக்கு இதயத்துல அந்த ஜீன் இருந்தாலும் மீடியன் ஜீரோன்னுதான் காட்டும், ஆனா அந்த அஞ்சு பேரும் மனுஷங்கதானே.

முதல்ல பாக்க வேண்டியது மூளை (13 பகுதியா பிரிச்சு வச்சிருக்காங்க, ஒவ்வொன்னையும் பாருங்க), இதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், குடல். டெஸ்டிஸ் பாதிச்சா ஆள் பிழைச்சுக்குவார், இதயம் பாதிச்சா? "எத்தனை திசுவுல இருக்கு"ன்னு எண்ணிக்கை போடுறதை விட "எந்தத் திசுவுல"ங்கிறதுதான் முக்கியம்.

அடுத்தது எல்லாரும் மறக்குற விஷயம். ஜிடெக்ஸ்ல தைமஸ் (நெஞ்சுக்குள்ள இருக்கிற ஒரு சுரப்பி) இல்ல. நஞ்சுக்கொடி இல்ல. விழித்திரை இல்ல. எலும்பு மஜ்ஜைத் திசுவும் இல்ல. சின்னப் பசங்க சாம்பிளும் இல்ல, கொடுத்தவங்க எல்லாரும் 20 வயசுக்கு மேல. தைமஸ் ஏன் முக்கியம்னா, அங்கதான் டி செல்களுக்கு ஸ்கூல், உடம்புல மத்த இடத்துல இருக்கிற புரோட்டீனை எல்லாம் கொஞ்சமா அங்க இருக்கிற செல்கள் செஞ்சு காட்டி, அதைப் பார்த்து பாயுற டி செல்லை அழிச்சுடும். மேஜ் குடும்ப ஜீன்கள்ல சிலது தைமஸ்லயும் ஆன் ஆகும், அப்ப நல்லா பிடிக்கிற டி செல்கள் ஏற்கனவே களையெடுக்கப்பட்டிருக்கும், தடுப்பூசி போட்டாலும் பலவீனமானதுதான் மிச்சம் இருக்கும். நஞ்சுக்கொடியிலயும் இந்தக் குடும்பம் நிறையவே இருக்கு. இந்த ஓட்டைகளை அடைக்க ஹியூமன் புரோட்டீன் அட்லஸுக்குப் போங்க, ஸ்வீடன்ல மத்தியாஸ் ஊலேன் 2003ல தொடங்கினது, அதுல தைமஸ், நஞ்சுக்கொடி, மஜ்ஜை, விழித்திரை எல்லாம் இருக்கு.

இப்ப ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வரிசை போடுங்க. அதுல மூணே மூணு பதில்தான் எழுதலாம்: "இருக்கு, இவ்வளவு", "பார்த்தேன், இல்ல", "பாக்கல". காலியா விடக்கூடாது. பின்னாடி பாக்குறவங்க காலி கட்டத்தை "இல்ல"ன்னுதான் படிப்பாங்க.

படி 4: இப்ப ட்யூமர்

டிசிஜிஏன்னு அமெரிக்காவோட கேன்சர் டேட்டா தொகுப்பு இருக்கு, 33 வகை கேன்சர், 11,000க்கு மேல நோயாளிகள். ஆனா டிசிஜிஏல இருந்து ஒரு நம்பரும் ஜிடெக்ஸ்ல இருந்து ஒரு நம்பரும் எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடக் கூடாது, ரெண்டும் வேற வேற பைப்லைன்ல (டேட்டாவைக் கணக்குப் போடுற வழிமுறை) கணக்குப் போட்டது. ரெண்டையும் முதல்ல இருந்து ஒரே பைப்லைன்ல திருப்பி ஓட்டி வச்சிருக்காங்க, டாயில்னு பேரு, அது கலிஃபோர்னியா சான்டா க்ரூஸ் பல்கலைக்கழகத்தோட ஸீனா தளத்துல கிடைக்கும். டிசிஜிஏ, டார்கெட் (குழந்தைங்க கேன்சர் டேட்டா), ஜிடெக்ஸ் மூணும் சேர்ந்த கோஹார்ட்டை (சாம்பிள் தொகுப்பை) தேர்ந்தெடுத்து, முதல் காலம்ல (மேல இருந்து கீழ போற கட்ட வரிசை) ஜீன், ரெண்டாவது காலம்ல சாம்பிள் வகை, மூணாவதுல நோய்ப் பேரு போட்டீங்கன்னா போதும்.

டவுன்லோட் பண்ணின உடனே பாதிப் பேர் பயந்து போற ஒரு நம்பர் வரும், மைனஸ் 9.9658. பிழை இல்ல. டிபிஎம்மோட (பத்து லட்சம் ஆர்என்ஏல இந்த ஜீனோடது எத்தனைன்னு சொல்ற அளவு) 0.001 கூட்டி, ரெண்டோட லாக் எடுத்து வச்சிருக்காங்க, அப்ப ஜீரோ டிபிஎம்முக்கு வர்ற மதிப்புதான் இந்த மைனஸ் 9.97. ஒரு டிபிஎம்னா கிட்டத்தட்ட 0ன்னு வரும். இது தெரியாம, "நார்மல்ல மைனஸ் 9, ட்யூமர்ல மைனஸ் 3, அப்ப ஆறு மடங்கு ஏறியிருக்கு"ன்னு ஒரு பையன் எழுதிட்டு வந்தான், அதுல ரெண்டு தப்பு: லாக்ல ஆறுன்னா 64 மடங்கு, ஆனா அந்த மைனஸ் 3ன்னா என்ன, 0.12 டிபிஎம், அதுவே ஒன்னுமில்லாத அளவு. ஒன்னுமில்லாததுல இருந்து 64 மடங்கு ஏறினாலும் ஒன்னுமில்லாததுதான்.

இப்ப சராசரி பத்தி. மேஜ் மாதிரி ஜீன் எல்லா நோயாளிக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஏறாது, சிலருக்கு எக்கச்சக்கமா இருக்கும், மத்தவங்களுக்கு சுத்தமா இருக்காது. ஒரு கேன்சர்ல 30 சதவீதம் பேருக்கு நூறு டிபிஎம், 70 சதவீதம் பேருக்கு ஜீரோன்னா மீடியன் ஜீரோ, பாக்ஸ் ப்ளாட் தரையில கிடக்கும், நீங்க "இது வேலைக்காகாது"ன்னு தூக்கிப் போட்டுடுவீங்க. அந்த 30 சதவீதம் பேருக்குத்தானே மருந்து! அதனால மீடியனை விடுங்க, ஒரு வரம்பு வச்சுக்கிட்டு (நான் முதல் சல்லடைக்கு 10 டிபிஎம் வைப்பேன், இது என் பழக்கம்தான், சட்டம் இல்ல) எத்தனை சதவீதம் நோயாளிகள் அதைத் தாண்டுறாங்கன்னு எழுதுங்க.

அதே மாதிரி நோய்ப் பேருக்குள்ள இன்னொரு நோய் ஒளிஞ்சிருக்கும். மேஜ்-ஏ4க்கு இன்னைக்கு முக்கியமான நோய் சைனோவியல் சார்கோமா, பெரும்பாலும் இளம் வயசுல கை கால் மூட்டுப் பக்கம் வர்ற ஒரு அரிய கட்டி. டிசிஜிஏல அதுக்குன்னு தனிப் பாக்ஸ் கிடையாது, சார்கோமான்னு ஒரே பாக்ஸ். அவங்க 2017ல வெளியிட்ட ஆய்வுல 206 சார்கோமா, அதுல சைனோவியல் வெறும் 10. அந்தப் பத்துல எல்லாமே உச்சத்துல இருந்தாலும் 206ல கரைஞ்சு போயிடும். டிசிஜிஏ சார்கோமா கோஹார்ட்டைத் தனியா எடுத்து, திசு வகையால பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும். பெரிய பாக்ஸை மட்டும் பார்த்திருந்தா கடைசியில நான் சொல்லப் போற மேஜ்-ஏ4 மருந்தே வந்திருக்காது.

கட்டிக்குப் பக்கத்துல வெட்டி எடுத்த "நார்மல்" பத்தி ஒரு வார்த்தை. அது அந்த உறுப்பை மட்டும்தான் சொல்லும். நுரையீரல் கட்டிக்குப் பக்கத்துல நுரையீரல் இருக்கும், மூளை இருக்காது. நரம்புல ஏத்துற மருந்து உடம்பு முழுக்கப் போகுது.

படி 5: ரீடு எங்க இருந்து வந்ததுன்னு சந்தேகப்படுங்க

குடும்பம் படுத்தும்னு சொன்னேன் இல்லையா. என்ஒய்-ஈஎஸ்ஓ-1க்கு எக்ஸ் க்ரோமோசோம்ல அச்சு அசலா ரெண்டு காப்பி இருக்கு, சிடிஏஜி1ஏ, சிடிஏஜி1பி. ஆர்என்ஏ துண்டு ஒன்னைப் படிச்சா (இப்படிப் படிச்ச ஒவ்வொன்னும்தான் ரீடு) அது எதுல இருந்து வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒரே இடத்துல மட்டும் பொருந்துற ரீடை மட்டும் எண்ணுற பைப்லைன் இந்த ரீடுகளைத் தூக்கி எறிஞ்சுடும், ஜீன் முழுசா ஆன் ஆகியிருந்தாலும் ஸ்க்ரீன்ல ஜீரோன்னு வரும். ஆர்செம், சால்மன் மாதிரி கருவிகள் ரெண்டுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும், அப்ப ரெண்டையும் கூட்டிப் பாக்கணும். நான் முதல் முதல்ல போட்ட லிஸ்ட்ல என்ஒய்-ஈஎஸ்ஓ-1 வரவே இல்ல, உலகத்துலயே அதிகம் ஆராய்ஞ்ச கேன்சர்-டெஸ்டிஸ் ஜீன் நம்ம லிஸ்ட்ல இல்லன்னா தப்பு நம்மகிட்டதான்னு புரிய ரெண்டு நாள் ஆச்சு. அதுல இருந்து எந்த லிஸ்ட் போட்டாலும் தெரிஞ்ச அஞ்சு ஜீன் அதுல வருதான்னு முதல்ல பாப்பேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க. மேஜ்-ஏ3, மேஜ்-ஏ6 ஜோடியும் இதே தலைவலிதான், கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைங்க.

இதுக்கு நேரெதிரா ஒரே ஜீனுக்குள்ள ரெண்டு ஆள் இருக்கிறதும் உண்டு. க்ளாடின்-18னு தேடினா நுரையீரல்ல தூக்கலா இருக்கும், வேண்டாம்னு விட்டுடுவீங்க. ஆனா நுரையீரல்ல இருக்கிறது 18.1ங்கிற வடிவம், இரைப்பைல இருக்கிறது 18.2. அந்த 18.2ஐப் பிடிக்கிற சோல்பெடுக்ஸிமாப் 2024ல ஜப்பான்லயும் அமெரிக்காவுலயும் இரைப்பை கேன்சருக்கு அனுமதி வாங்கிடுச்சு. ஜிடெக்ஸ்ல ஐசோஃபார்ம் (ஒரே ஜீனோட வேற வேற வடிவம்) டேப் சும்மா வைக்கல, க்ளிக் பண்ணிப் பாருங்க.

படி 6: திசுவுல இருந்து செல்லுக்கு

ஒரு கணக்கு. ஒரு உறுப்புல ஆயிரத்துல ஒரு செல் மட்டும் நம்ம ஜீனை 200 டிபிஎம் அளவுக்கு ஆன் பண்ணி வச்சிருக்குன்னு வச்சுக்கோங்க, மத்த 999ல ஜீரோ. அந்தத் திசுவை அரைச்சு அளந்தா 0.2 டிபிஎம் வரும், நாம ஒன்னுக்குக் கீழ இருக்குன்னு "இல்ல" பட்டியல்ல சேர்த்துடுவோம். அந்த ஆயிரத்துல ஒரு செல் உப்புக்குச் சப்பாணின்னா பரவாயில்ல, அதுவே அந்த உறுப்போட ஸ்டெம் செல்லா இருந்தா?

அதனால சிங்கிள் செல் டேட்டா, அதாவது ஒவ்வொரு செல்லையும் தனித்தனியா அளந்தது. புரோட்டீன் அட்லஸ்லயே சிங்கிள் செல் பகுதி இருக்கு, செல்-பை-ஜீன் தளமும் இருக்கு. மேஜ்-ஏ4 போட்டா டெஸ்டிஸ்குள்ளயே ஸ்பெர்மட்டகோனியாங்கிற ஆரம்ப நிலை செல்கள்ல குவிஞ்சிருக்கிறது பளிச்னு தெரியும், டெஸ்டிஸ் ஆய்வுல அந்த செல்லை அடையாளம் காட்டவே மேஜ்-ஏ4ஐப் பயன்படுத்துறாங்க. ஆனா சிங்கிள் செல்லுக்கும் ஒரு குறை இருக்கு, ஒரு செல்லுல இருக்கிற ஆர்என்ஏல ஒரு பங்கைத்தான் அது பிடிக்கும், குறைவா ஆன் ஆன ஜீன் கண்ணுல படாமலே போகும். இங்க வர்ற ஜீரோவை நம்பி எந்த முடிவும் எடுக்காதீங்க, இங்க "இருக்கு"ன்னு வந்தா மட்டும் உஷார் ஆகுங்க.

படி 7: ஆர்என்ஏ இருந்தா புரோட்டீன் இருக்கணும்னு இல்ல

அட்லஸ்ல ஸ்டெயின் பண்ணின ஸ்லைடு படங்கள் இருக்கு, பெரிசாக்கிப் பாருங்க. படத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி ஆன்டிபாடி எவ்வளவு நம்பகம்னு அவங்களே போட்டிருக்கிற தரத்தைப் பாருங்க, மேல இருந்து என்ஹான்ஸ்டு, சப்போர்ட்டட், அப்ரூவ்டு, அன்சர்ட்டன். கடைசி வகைன்னா அந்தப் படத்தை வச்சு எதுவும் பேசாதீங்க. நாங்க ஒரு தடவை ஒரு கம்பெனியில வாங்கின ஆன்டிபாடி மேஜ் குடும்பத்துல எல்லாரையும் பிடிச்சுது, டப்பாவுல ஒரே ஒரு ஜீன் பேருதான் போட்டிருந்தாங்க, ஜீனையே நீக்கின செல் லைன்ல போட்டுப் பார்த்தப்பதான் அங்கயும் பழுப்பு நிறம் ஏறுறது தெரிஞ்சுது, நாலு மாசம் ஸ்லைடு எல்லாம் குப்பை. நெகட்டிவ் கன்ட்ரோல் இல்லாம ஸ்டெயின் பண்ணாதீங்கன்னு நான் கத்துறது அதனாலதான்.

கட்டிக்குள்ளயும் எல்லா செல்லும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு மூலையில பழுப்பா, பக்கத்துலயே வெள்ளையா திட்டுத் திட்டா இருக்கும். அதான் மேஜ்-ஏ4 டி செல் சோதனைக்கு ஆளைச் சேர்க்கும்போது, கட்டி செல்கள்ல குறைஞ்சது 30 சதவீதம் நடுத்தரமாவோ அழுத்தமாவோ நிறம் ஏறியிருக்கணும்னு வரம்பு வச்சாங்க.

படி 8: தட்டு இருக்கா, யார் தட்டு

உள்ள புரோட்டீன் இருந்தும் வெளிய நீட்டலன்னா டி செல்லுக்குத் தெரியாது. சில கட்டிங்க தப்பிக்கிறதுக்காகவே எச்எல்ஏவையோ, அதைத் தாங்குற பீட்டா-2 மைக்ரோகுளோபுலினையோ தொலைச்சுடும், அதனால அந்த ரெண்டோட அளவையும் உங்க ஷீட்ல ஒரு காலமா சேருங்க. எந்தத் துண்டு எந்த எச்எல்ஏல உக்காரும்னு கணிக்க நெட்எம்எச்சிபேன் இருக்கு. நார்மல் திசுக்கள்ல இருந்து நிஜமாவே பிரிச்சு எடுத்த துண்டுகள் வேணும்னா எச்எல்ஏ லிகண்ட் அட்லஸ்ல உங்க துண்டைத் தேடுங்க.

நம்ம ஊர் பசங்க இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். இந்தத் துறையில பாதி வேலை எச்எல்ஏ-ஏ 02:01ஐ (எச்எல்ஏ ஆளுக்கு ஆள் மாறும், இது அதுல ஏ2 குடும்பத்து வகை ஒன்னு) வச்சுத்தான் நடந்திருக்கு, ஏன்னா ஐரோப்பிய வம்சாவளிக்காரங்கள்ல அது சாதாரணம். மேஜ்-ஏ4 சிகிச்சைக்கு அமெரிக்க அனுமதியில இருக்கிறது 02:01, 02:02, 02:03, 02:06. 02:05 இருந்தா கொடுக்கவே கூடாது. இந்தியர்கள்ல ஏ2 குடும்பத்துல கணிசமா இருக்கிற 02:11 அந்த லிஸ்ட்லயே இல்ல. "ஏ2 பாசிட்டிவ்"னு ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி அந்தக் கடைசி ரெண்டு இலக்கத்தைப் பாருங்க. இங்க ஆராய்ச்சி பண்றவங்க நம்ம மக்களோட எச்எல்ஏக்கு எந்தத் துண்டு உக்காரும்னு தேடினா அது வெறும் காப்பி வேலை இல்ல, நிஜமாவே யாரும் போகாத இடம்.

படி 9: சாயல்ல இருக்கிற ஆட்களைத் தேடுங்க

இந்தப் படியை மட்டும் தயவுசெஞ்சு தாவிடாதீங்க.

2013ல ரெண்டு சோதனை முடிவு வெளிவந்துச்சு, ரெண்டுமே மேஜ்-ஏ3. முதலாவது அமெரிக்க தேசிய புற்றுநோய் மையத்துல நடந்தது. ஒன்பது நோயாளிகள், அஞ்சு பேருக்குக் கட்டி சுருங்குச்சு, நல்ல செய்திதான். ஆனா மூணு பேருக்கு மனநிலை குழம்ப ஆரம்பிச்சு, ரெண்டு பேர் கோமாவுக்குப் போய் இறந்துட்டாங்க. தேடிப் பார்த்தப்போ அந்த டிசிஆர் மேஜ்-ஏ3 மட்டும் இல்லாம அதோட சொந்தக்கார மேஜ்-ஏ12ஐயும் பிடிக்குது, மேஜ்-ஏ12 மனுஷ மூளையில குறைஞ்ச அளவுல இருக்கு. அது வரைக்கும் மூளையில இருக்குன்னு யாரும் கணக்குல எடுக்கல.

ரெண்டாவதுல வேற டிசிஆர், எச்எல்ஏ-ஏ1ல உக்கார்ற துண்டுக்கு, பிடிப்பு வலுவா இருக்கணும்னு லேப்ல கூர் தீட்டினது. முதல் ரெண்டு நோயாளிங்களும் செல் ஏத்தின சில நாள்லயே இதயம் செயலிழந்து இறந்துட்டாங்க. இதயத்துல மேஜ்-ஏ3 கிடையாது, பிரேதப் பரிசோதனையிலயும் இல்ல. அப்ப எதைத் தாக்குச்சு? இதயத் தசையில இருக்கிற டைட்டின்ங்கிற பிரம்மாண்டமான புரோட்டீன்ல ஒரு சின்னத் துண்டு. மேஜ்-ஏ3 துண்டையும் டைட்டின் துண்டையும் வரிசையா வச்சுப் பாருங்க, ஒன்பது அமினோ அமிலத்துல அஞ்சு அதே இடத்துல அப்படியே இருக்கு, நாலு வேற. வரிசையை வச்சு ஒப்பிடுற சாதாரணத் தேடல்ல இதை யாரும் பெரிசா எடுக்க மாட்டோம். சோதனைக்கு முன்னாடி இதய செல் கல்ச்சர்ல போட்டுப் பார்த்தப்பவும் ஒன்னும் ஆகல, ஏன்னா லேப்ல வளர்த்த சாதாரண செல்கள் துடிக்காது. பிற்பாடு ஸ்டெம் செல்லுல இருந்து வளர்த்த, நிஜமா துடிக்கிற இதய செல்கள்ல போட்டதும் டி செல்கள் பாய்ஞ்சு கொன்னுச்சு. கல்ச்சர்ல கிடைச்ச அந்த "இல்ல" தப்பான செல்லைக் கேட்டுக் கிடைச்ச பதில்.

அதனால இப்ப என்ன பண்றாங்கன்னா, துண்டோட ஒவ்வொரு இடத்துலயும் அமினோ அமிலத்தை மாத்தி மாத்தி வச்சு டிசிஆர் எதை மாத்தினா விடுது, எதை மாத்தினாலும் விடாம பிடிக்குதுன்னு பாப்பாங்க. அதுல இருந்து ஒரு அச்சு கிடைக்கும்: இந்த இடத்துல இதுதான் வேணும், அந்த இடத்துல எதுவா இருந்தாலும் சரின்னு. அந்த அச்சை எடுத்து மனுஷ புரோட்டீன் முழுக்கத் தேடி, பொருந்துற ஒவ்வொன்னுக்கும் படி 3ல இருந்து திருப்பி ஆரம்பிக்கணும். லேப் வசதி இல்லாதவங்க அச்சு வேலையைப் பண்ண முடியாது, ஆனா உங்க துண்டோட நாலு இடம் வரைக்கும் மாறின எல்லா மனுஷத் துண்டையும் தேடி, அந்த ஜீன்கள் மூளை, இதயத்துல இருக்கான்னு பாக்குறதை ஒரு லேப்டாப்லயே செய்யலாம். லிஸ்ட் நீளமா வரும், பரவாயில்ல.

இதுக்கு அப்புறமும் கதை இருக்கு

அந்த டைட்டின் பிரச்சனை வந்த டிசிஆரை உருவாக்கின அடாப்டிம்யூன் நிறுவனம் அங்கயே நின்னுடல. இந்தத் தேடல் முறைகளை எல்லாம் கட்டிக்கிட்டு மேஜ்-ஏ4க்கு வந்தாங்க. 2024 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல டெசெல்ராங்கிற பேர்ல சைனோவியல் சார்கோமாவுக்கு அனுமதி கிடைச்சுது, 44 நோயாளிகள்ல சுமார் 43 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கினதை வச்சு. கட்டியா வர்ற கேன்சருக்கு அங்க அனுமதி வாங்கின முதல் டிசிஆர் செல் சிகிச்சை அதுதான்.

ஜீன் நல்லா இருந்தும் மருந்து தோத்ததும் உண்டு, மேஜ்-ஏ3 தடுப்பூசியை நுரையீரல் கேன்சர்ல கிளாக்ஸோங்கிற மருந்துக் கம்பெனி சோதிச்சப்போ 13,000க்கு மேல நோயாளிகளோட கட்டியைப் பரிசோதிச்சு, மேஜ்-ஏ3 இருந்த 2,272 பேரைச் சேர்த்தாங்க, 2014ல பலன் இல்லன்னு முடிவு வந்துச்சு. ஜீன் கட்டியில மட்டும் இருக்குங்கிறது உள்ள நுழையுற டிக்கெட் மாதிரி, அதுக்கு மேல எதுவும் அது உறுதி தராது.

ஷீட்டை அனுப்புறதுக்கு முன்னாடி

யாராவது வீட்டுல நோயாளி இருந்து இதைப் படிக்கிறீங்கன்னா, இந்த டேட்டாபேஸ் படங்களை வச்சு சிகிச்சை முடிவு எடுக்காதீங்க, உங்க ஆன்காலஜிஸ்ட்கிட்ட "கட்டியில மேஜ்-ஏ4 ஸ்டெயினும் எச்எல்ஏ டைப்பிங்கும் எங்களுக்குப் பொருந்துமா"ன்னு கேளுங்க, அந்தக் கேள்வி போதும்.

ப்ராஜெக்ட் பசங்களுக்கு: ஷீட்ல மேல முதல் வரிசையில ஜிடெக்ஸ் எந்த வெர்ஷன், ஸீனால எந்த கோஹார்ட், என்னைக்கு டவுன்லோட் பண்ணினீங்கன்னு தேதியோட எழுதுங்க. குடும்பத்துல சாயல் உள்ள ஜீன்கள் எல்லாத்துக்கும் தனித்தனி டேப் வைங்க, மேஜ்-ஏ4ன்னா மேஜ்-ஏ1ல இருந்து ஏ12 வரைக்கும். "பாக்கல"ன்னு எழுதின கட்டங்களை மஞ்சள் பண்ணிடுங்க. எனக்கு அனுப்பும்போது பாக்ஸ் ப்ளாட்டை அனுப்ப வேண்டாம், அந்த மஞ்சள் கட்டங்களை அனுப்புங்க, உக்காந்து அதுல இருந்து ஆரம்பிப்போம்.